பத்து நிமிட நடைத் தொலைவில்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)



ஆண்டு விழாவில் பேசுமாறு செயற்குழுவினர் எங்களைப் பணித்தபொழுது, சிலம்பையோ கம்பனையோ பற்றி ஏதேனும் சொல்லுவோம் என அவர்கள் எதிர்பார்த்திருக்கக்கூடும். அவ்வாறு பேச வல்லார் இவ்வவையில் பலர் உளர். நாங்களோ சென்ற மார்கழித் திங்களில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் கண்டும் கேட்டும் வந்ததைக் கூறவே இங்கு நிற்கின்றோம். நம் காலனியிலிருந்து முப்பத்திரண்டு பேர், சிறுவரும் முதியவருமாக, ஒரு வாடகைப் பஸ்ஸில் ஏறிச் சுற்றுலாப் புறப்பட்டோம். சென்றது காசிக்கன்று, டார்ஜிலிங்குக்கும் அன்று. இதே கல்கத்தாவின் டிரெட்டி பஜாருக்கு. 2001-ஆம் ஆண்டு முதல் கொல்கத்தா எனப் பெயர் மாறினும், பழைய பெயரே எங்கள் நாவில் வருகின்றது, பொறுத்தருள்க.

ஏரிப் பக்கத்து நம் வீடுகளுக்கும் அப்பேட்டைக்கும் இடையே பத்துக் கிலோமீட்டர்கூட இராது. ஆயினும் பஸ்ஸில் இருந்தோருள் அதற்குமுன் அங்குக் காலடி வைத்தவர் இருவரே. நமக்கு வேண்டிய வாழையிலையும் முருங்கைக்காயும் காப்பிக்கொட்டையும் லேக் மார்க்கெட்டிலேயே கிடைத்துவிடுகின்றன. கோயிலும் அருகில் உண்டு. கச்சேரி கேட்க மன்றமும் உண்டு. இவற்றுக்கு அப்பால் செல்லவேண்டிய தேவை நமக்கு நேர்ந்ததில்லை. இவ்வூரில் பிறந்து வளர்ந்த நம் பிள்ளைகளும் அவ்வாறே இருக்கின்றார்கள்.

காலை ஆறேகாலுக்குப் போத்தார் கோர்ட் என்னும் கட்டடத்தின் அருகே இறங்கினோம். பனி இன்னும் விலகவில்லை. நடைபாதையோரத்தில் அலுமினியப் பாத்திரங்களை அடுக்கி வைத்துக்கொண்டு கடை பரப்பியிருந்தார்கள். மூடியைத் திறக்குந்தோறும் ஆவி எழுந்து முகத்தில் படும். மீனுருண்டை மிதக்கும் ரசம், உள்ளே இறைச்சிப் பூரணம் வைத்து ஆவியில் வேகவைத்த பாவ், நம் கொழுக்கட்டைக்கு அண்ணன் தம்பி என்று சொல்லத்தக்க மோமோ, இவையெல்லாம் எட்டு மணிக்குள் தீர்ந்துவிடும் பண்டங்கள். எங்களுள் பெரும்பாலோர் மரக்கறி உண்போர் ஆதலின் அங்கு நாங்கள் பட்ட பாட்டைக் கூறவேண்டா. எல்லாவற்றிலும் மீனோ கோழியோ பன்றியோ இருந்தது. இறுதியில் ஓர் அம்மையார் எள் தூவிய இனிப்புப் பணியாரம் ஒன்றை எடுத்துக் காட்டி, இதில் ஒன்றும் இல்லை என்று வங்காளியில் கூறிய பின்னரே எங்கள் மாதர்களின் முகம் மலர்ந்தது. இளைஞர்கள் சிலர் எங்கோ மறைந்து, வாயைத் துடைத்துக்கொண்டு திரும்பி வந்தார்கள். அதை நாங்கள் விசாரிக்கவில்லை.

அந்த அம்மையார் சீனத்தவர். அறுபது வயதிருக்கும். எங்கள் கூட்டத்துச் சிறுவன் ஒருவன், பத்து வயதினன், தான் பள்ளியில் கற்ற வங்காளியில், "உங்கள் ஊர் எது?" என்று அவரைக் கேட்டான். "பௌபஜார்" என்றார் அவர். சிறுவன் விடவில்லை, "சொந்த ஊர்?" என்றான். "அதுதான் சொன்னேனே, பௌபஜார்" என்று சிரித்துவிட்டு, "நீ மதராஜிப் பிள்ளைதானே? உன் ஊர் எது?" என்று திருப்பிக் கேட்டார். "கும்பகோணம்" என்றான் இவன். இவன் பிறந்ததும் வளர்ந்ததும் இங்கே. கும்பகோணத்தை இருமுறை கண்டிருக்கின்றான், அதுவும் திருமணங்களுக்காக. அவன் தாயார் எங்களைப் பார்த்தார். நாங்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். அம்மையார் அவனுக்கு ஒரு பணியாரம் கூடுதலாகக் கொடுத்தார்.

டிரெட்டி பஜார் என்னும் பெயரே ஓர் அயலாரின் பெயர்தான். எட்வர்டு டிரெட்டா என்னும் வெனிஸ் நகரத்தார் 18-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இந்நகரின் தெருக்களுக்கும் கட்டடங்களுக்கும் கண்காணிப்பாளராக இருந்தவர்; அவருக்குரியதாய் இருந்த சந்தை இது. ஏறத்தாழ அதே காலத்தில் ஆச்சியூ என்னும் சீனர் ஹூக்ளிக் கரையில், பட்ஜ்பட்ஜ் அருகே வாரன் ஹேஸ்டிங்ஸிடம் நிலம் பெற்றுக் கரும்பு பயிரிட்டுச் சர்க்கரை ஆலை வைத்தார். அவ்விடம் இன்றும் ஆச்சிபூர் எனப்படுகின்றது. சீனப் புத்தாண்டையொட்டி இந்நகர்ச் சீனர்கள் அங்கு அவர் சமாதிக்குச் சென்று வழிபடுகின்றனர். (நாமும் நம் பக்கத்தில் சர்க்கரையைச் சீனி என்கின்றோம், அப்பெயர் அவருக்கு நெடுங்காலம் முற்பட்டது.) அவருக்குப்பின் வந்தோர் ஊருக்கு ஒரு தொழிலாக அமைந்தனர். காண்டன் பக்கத்தார் தச்சர்கள். ஹக்கா மக்கள் செருப்புத் தைப்போரும் தோல் பதனிடுவோரும். ஹூபே மாகாணத்தார் பல் மருத்துவர்கள்.

சட்டாவாலா சந்தில் சீ இப் என்னும் கோயிலைக் கண்டோம். இங்குள்ளோர் அதனைச் 'சர்ச்' என்றே சொல்லுகின்றார்கள். சீனக் கோயில்கள் யாவற்றிற்கும் இங்கு அதே பெயர். 1905-இல் எழுந்தது. மாடியில் குவான்யின் தேவியின் சந்நிதி. செதுக்கு வேலைப்பாடு மிகுந்த மரப் பலகைகளும், செம்பட்டும், ஊதுவத்திப் புகையுமாக இருந்த அவ்விடத்தில் எங்கள் பாட்டிமார் யாரும் சொல்லாமலே செருப்பைக் கழற்றிக் கைகூப்பி நின்றார்கள். 'சீ இப்' என்றால் நான்கு வட்டங்கள் என்று பொருள். காண்டன் அருகே நான்கு வட்டங்களிலிருந்து வந்த மக்கள், தம் ஊரார் கூடுவதற்கும், புதிதாய்க் கப்பலிறங்குவோர்க்கு உதவுவதற்கும், இறந்தோரை அடக்கம் செய்வதற்கும் கூட்டிய அமைப்பே இக்கோயிலின் வேர். அன்பர்களே! இதனை வேறு பெயரால் நாம் நன்கு அறிவோம். அதுவும் ஒரு சங்கம். ஆண்டு விழாவும் சந்தாவும் அங்கும் இருந்திருக்கும், சந்தா பாக்கியும் இருந்திருக்கும்.

எங்களுடன் வந்திருந்த பெரியவர் ஒருவர் அங்கே காணிக்கைப் பெட்டியருகே நெடுநேரம் நின்றார். எண்பதைக் கடந்தவர். உங்களில் பலர்க்கு அவரைத் தெரியும். பெயர் கூறவேண்டா என்று கேட்டுக்கொண்டிருக்கின்றார். சட்டைப் பையிலிருந்து ஏதோ எடுத்து மடித்துப் பெட்டியில் இட்டார். பிறகு படியிறங்கினார். அப்பொழுது அதனை யாரும் பொருட்படுத்தவில்லை.

அங்கிருந்து போ பாரக்ஸ். முதல் உலகப் போர்க்காலத்துப் படைவீரர்க்கென எழுந்த செங்கல் வீடுகள், பச்சைச் சாளரங்கள். ஆங்கிலோ-இந்தியக் குடும்பங்கள் அங்கு இன்றும் வாழ்கின்றன. கிறிஸ்துமஸை ஒட்டிய நாள் ஆதலின் தெருவெங்கும் காகித நட்சத்திரங்கள் தொங்கின. ஆங்குச் சற்றே நின்றுவிட்டு மேற்கே திரும்பினோம்.

ரவீந்திர சரணியில் நக்கோடா மசூதியின் உயர்ந்த மினார்கள் தெரிந்தன. கட்ச் தேசத்திலிருந்து வந்த மேமன் வணிகர்கள் 1926-இல் இதற்கு அடிக்கல் நாட்டினர். ஆக்ராவை அடுத்த சிக்கந்தராவிலுள்ள அக்பரின் கல்லறை மாளிகையின் சாயலில் கட்டப்பட்டது. நக்கோடா என்பது கப்பல் தலைவனைக் குறிக்கும் பாரசீகச் சொல். சக்கரியா தெருவில் அத்தர்க் கடைகளும் ரொட்டிக் கடைகளும் அப்பொழுதுதான் திறந்துகொண்டிருந்தன. ரமலான் மாலைகளில் அத்தெருவில் நடக்க இடம் கிடையாது என்றார்கள். சேமியாவை மலை மலையாகக் குவித்திருப்பார்களாம். மற்றொரு முறை வந்து காணவேண்டும்.

பிரபோர்ன் சாலைக்கு வந்ததும் ஊசிக் கோபுரமும் கடிகாரமும் கொண்ட ஒரு செங்கல் கட்டடம் நின்றது. மாதா கோயில் என்றே எண்ணினோம். அது மாகேன் டேவிட் என்னும் யூதர் ஆலயம். 1884-இல் எலியாஸ் டேவிட் ஜோசப் எஸ்ரா என்பவர் தம் தந்தையின் நினைவாகக் கட்டியது. அடையாளச் சீட்டைக் காட்டி உள்ளே சென்றோம். கறுப்பும் வெள்ளையுமான சலவைக்கல் தளம். வண்ணக் கண்ணாடிச் சாளரங்களின் வழியே காலை வெயில். வேதச் சுருள்களை வைக்கும் மாடத்தின்மேல் பாதிக் கோளமாய் வளைந்த நீலக்கூரை, அதில் பொன் விண்மீன்கள். குழந்தைகளும் வாயடைத்து நின்றார்கள். அத்தனை அழகிய கூடத்தில் எங்களைத் தவிர ஒருவரும் இல்லை.

1798-இல் சிரியாவின் அலெப்போ நகரிலிருந்து ஷாலோம் கோஹன் என்னும் வணிகர் வந்ததிலிருந்து கல்கத்தா யூதர்களின் வரலாறு தொடங்குகின்றது. பாக்தாதிலிருந்து பலர் பின் வந்தனர். இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் இவர்களின் தொகை ஆயிரக்கணக்கில் இருந்தது. பின்னர் இந்தியா விடுதலை பெற்றது, இஸ்ரேல் தோன்றியது, வணிகமும் மாறியது. ஒவ்வொரு குடும்பமாக இலண்டனுக்கும் இஸ்ரேலுக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் சென்றுவிட்டன. யாரும் அவர்களைத் துரத்தவில்லை. இன்று இந்நகரில் எஞ்சியோர் விரல்விட்டு எண்ணத்தக்கோர்.

எங்களுக்குக் கதவைத் திறந்து விளக்கேற்றிக் காட்டியவர் ஒரு முஸ்லிம். ஒடிசாவின் கடற்கரைப் பக்கத்து ஊர்க்காரர். இந்நகரின் யூத ஆலயங்களைத் தலைமுறை தலைமுறையாய்ப் பேணிவருவோர் அவ்வூர் முஸ்லிம் குடும்பத்தினரே. தந்தை துடைத்த பித்தளையை மகன் துடைக்கின்றார். "இங்கே தொழுகை எப்பொழுது?" என்று கேட்டோம். யூதர் வழக்கப்படி முறையான கூட்டுத்தொழுகைக்குப் பத்து ஆடவர் கூடவேண்டும், இவ்வூரில் அப்பத்துப் பேரைக் கூட்டுவது அரிதாகிவிட்டது என்று அவர் அமைதியாகக் கூறினார். சென்ற ஆண்டு நம் பொதுக்குழுவுக்குக் குறைந்த அளவு உறுப்பினர் சேரும்வரை அரைமணி நேரம் காத்திருந்தோமே, அது எங்களுக்கு நினைவுக்கு வந்தது. அன்று அதனை நகைச்சுவையாகப் பேசிக்கொண்டோம்.

அருகிலேயே போர்ச்சுகீசியர் மாதா கோயில்; 1799-இல் கட்டி முடித்தது. முர்கிஹட்டா, அதாவது கோழிச்சந்தை என்று அவ்விடத்திற்குப் பழம்பெயர். எஸ்ரா தெருவில் ருஸ்தம்ஜி கவாஸ்ஜி பானாஜி என்னும் பார்சிப் பெருஞ்செல்வர் 1839-இல் எழுப்பிய அக்கினிக் கோயில் வழிபாடின்றிச் சிதைந்து கிடக்கின்றது. பார்சிகளின் புனிதத் தீ மெட்கால்பு தெருவில் 1912-இல் அமைந்த கோயிலில் எரிகின்றது. எஸ்ரா தெரு முழுவதும் இப்பொழுது மின்விளக்குக் கடைகள். பூட்டிய கோயிலைச் சுற்றி ஆயிரம் விளக்குகள் விற்கின்றன.

ஆர்மீனியர் கோயிலைக் கண்டுபிடிப்பதுதான் பெரும்பாடு. பிளாஸ்டிக் சாமான்களும் சாக்குமூட்டைகளும் வழியை மறைத்துக்கொண்டிருக்க, கூலியாட்கள் தலைச்சுமையோடு இடித்துக்கொண்டு போக, ஒரு வாயிலுக்குள் நுழைந்தால் உள்ளே திடீரென்று அமைதி, வெள்ளைக் கோபுரம், தரையெல்லாம் கல்லறைக் கற்கள். நசரேத் திருக்கோயில் எனப் பெயர். 1724-இல் கட்டியது. இந்நகரில் இன்று நிற்கும் கிறிஸ்தவக் கோயில்களுள் இதுவே பழமையானது. அங்கே ரெசா பீபி என்னும் மாதின் கல்லறைக் கல்லில் 1630 என்னும் ஆண்டு பொறித்திருக்கின்றது. கல்கத்தாவைத் தோற்றுவித்தார் என்று நாம் படித்த ஜாப் சார்னாக் இங்கு வந்து தங்கியது 1690-இல்! அக்கல்வெட்டின் காலத்தைப் பற்றி அறிஞரிடையே கருத்து வேறுபாடு உண்டு. போ பாரக்ஸில் கிறிஸ்துமஸ் விளக்குகள் எரிய இங்கு ஆரவாரமே இல்லையே என்று ஒரு சிறுமி கேட்டாள். ஆர்மீனியர்க்குக் கிறிஸ்து பிறந்த நாள் ஜனவரி 6.

இவ்விடத்தில் நம்மவர்க்குத் தொடர்புடைய ஒரு செய்தி உண்டு. சென்னை ஜார்ஜ் டவுனில் அரண்மனைக்காரத் தெரு இருக்கின்றதன்றோ? அங்கு எந்த அரண்மனையும் இல்லை. ஆர்மீனியக்காரர் என்பதே நம் நாவில் அரண்மனைக்காரர் ஆயிற்று. அத்தெருவிலுள்ள ஆர்மீனியர் கோயில் 1772-இல் கட்டியது. உலகில் முதன்முதலாக ஆர்மீனிய மொழியில் ஒரு பத்திரிகை அச்சாகி வெளிவந்தது ஆர்மீனியாவில் அன்று, 1794-இல் சென்னையில். ஹாருத்யூன் ஷ்மவோனியன் என்னும் பாதிரியார் நடத்திய 'அஸ்தாரார்' என்பது அதன் பெயர். தம் நாட்டைவிட்டு ஆயிரங்கல் கடந்து வந்த ஒரு சிறு கூட்டம், யாருக்காக அதனை அச்சிட்டது? நம் சங்க மலரை ஆண்டுதோறும் அச்சுக்கூடத்திற்கு எடுத்துக்கொண்டு அலையும் நண்பர்களுக்கு இதன் விடை தெரியும். இன்று அரண்மனைக்காரத் தெருக் கோயிலில் மணி இருக்கின்றது. கூடுவதற்கு ஆர்மீனியர் இல்லை.

பதினொரு மணிக்குப் பஸ் திரும்பிற்று. லால்பஜாரைக் கடக்கும்பொழுது அப்பெரியவர் சாளரத்தின் வழியே ஒரு கட்டடத்தைச் சுட்டி, "அதோ, இரண்டாம் மாடி, முப்பத்தெட்டு ஆண்டு அங்கேதான் வேலை பார்த்தேன்" என்றார். 1960-இல் தம் பத்தொன்பதாம் வயதில், சுருக்கெழுத்தும் தட்டச்சும் கற்ற சான்றிதழ்களோடு ஹௌரா மெயிலில் வந்திறங்கியவர் அவர். நம்முள் எத்தனை குடும்பத்தின் கதை இவ்வாறே தொடங்குகின்றது! டல்ஹௌசிச் சதுக்கத்துக் கம்பெனிகளின் தட்டச்சுப் பொறிகளை ஒரு காலத்தில் இயக்கியவை பெரும்பாலும் நம் பக்கத்து விரல்களே. அவர் அமர்ந்திருந்த மேசையிலிருந்து நாங்கள் அன்று கண்டவை யாவும் பத்து நிமிட நடைத் தொலைவு. "ஒரு நாள்கூட அந்தப் பக்கம் போனதில்லையா, தாத்தா?" என்று கும்பகோணத்துச் சிறுவன் கேட்டான்.

பெரியவர் சிறிது நேரம் பேசவில்லை. பிறகு கூறினார். அவர் சொன்னதை அவர் இசைவுடன் இங்கே சொல்லுகின்றோம்.

பெண்டிங்க் தெருவில் ஒரு சீனர் செருப்புக்கடை வைத்திருந்தார். காலைக் காகிதத்தின்மேல் வைத்துப் பென்சிலால் சுற்றிக் கோடிட்டு அளவெடுப்பாராம். ஊரில் வெறுங்காலோடு நடந்தவருக்கு வாழ்க்கையில் முதற் ஜோடி பூட்ஸ் தைத்துக் கொடுத்தவர் அவரே. சம்பளம் போதாத காலம்; பாதிப் பணம் கொடுத்தால் போதும், மீதி அடுத்த மாதம் என்று சொல்லிவிட்டாராம். அவ்வாறு 1962-இல் இரண்டாம் ஜோடி தைத்து வாங்கினார். ஏழு ரூபாய் பாக்கி. அவ்வாண்டு அக்டோபர் 20-இல் சீனப்போர் மூண்டது. நவம்பரில் சம்பளம் வாங்கிக்கொண்டு போனபொழுது கடையில் பூட்டுத் தொங்கியது. அடுத்த வாரமும் அதே பூட்டு.

அப்போரின்பொழுது நிகழ்ந்ததை நம் பிள்ளைகள் பாடப்புத்தகத்தில் கண்டிருக்கமாட்டார்கள். அஸ்ஸாமிலிருந்தும் வட வங்கத்திலிருந்தும் பிற இடங்களிலிருந்தும் ஏறத்தாழ மூவாயிரம் சீன வமிசத்தினர், குழந்தைகளும் கிழவர்களும் உட்பட, ரயிலேற்றப்பட்டு ராஜஸ்தானத்துத் தேவ்லி முகாமில் அடைக்கப்பட்டார்கள். அவர்களிற் பலர் இந்நாட்டிலேயே பிறந்தவர்கள். போர் ஒரே மாதத்தில் ஓய்ந்தது. முகாமில் சிலர் 1967 வரை இருந்தனர். அடைக்கப்படாதவர்களும் போலீசில் பதிந்துகொள்ளவேண்டும். இசைவின்றி வெளியூர் செல்லலாகாது. பலர் இருந்ததை விற்றுவிட்டுப் பிற நாடுகளுக்குச் சென்றனர். கனடாவின் டொராண்டோ நகரில் இன்று கல்கத்தாச் சீனர்கள் பலர் வாழ்கின்றனர்.

"அவர் எங்கே போனார் என்று பக்கத்துக் கடையில் கேட்கலாம் என்று நினைத்தேன். கேட்டால், உனக்கும் சீனனுக்கும் என்ன தொடர்பு என்று யாராவது திரும்பக் கேட்பார்களோ என்று அச்சம். நாமே வெளியூர்க்காரர்கள்; புதிதாய் வேலைக்கு வந்தவன். அந்தத் தெருவில் நடப்பதையே விட்டுவிட்டேன். டிராமுக்குச் சுற்றிக்கொண்டு போவேன். பூட்ஸ் மட்டும் ஆறு வருஷம் உழைத்தது." இவ்வளவே அவர் கூறினார். தேவ்லிக்குச் சென்றாரோ, வேறெங்குச் சென்றாரோ, அச்சீனரின் பெயரும் அவர்க்கு நினைவில்லை. கோயில் உண்டியலில் அவர் இட்டது ஏழு ரூபாய். அறுபது ஆண்டு வட்டியைக் கணக்கிடத் தெரியவில்லை என்று சொல்லிச் சாளரத்தின் பக்கம் திரும்பிக்கொண்டார்.

பஸ்ஸில் அதன்பின் யாரும் பாடவில்லை. போகும்பொழுது அந்தாட்சரி நடந்தது.

பெரியோர்களே! இதனைச் சொல்லி உங்கள் விழா மகிழ்ச்சியைக் குலைக்கின்றோமோ என எங்களுள் ஒரு தயக்கம் இருந்தது. பெரியவர்தாம், சொல்லிவிடுங்கள் என்றார். அவர் விரும்பியபடி இரண்டு வேண்டுகோள் வைக்கின்றோம். டல்ஹௌசிப் பக்கத்தில் வேலை பார்த்த முதியவர்கள் உங்கள் இல்லங்களில் இருப்பின், அவர்கள் பழகிய கடைகள், உண்ட இடங்கள், அறிந்த அயலார் பற்றி நினைவிலுள்ளவற்றைப் பிள்ளைகளைக்கொண்டு எழுதுவித்துச் செயலாளரிடம் தாருங்கள். அடுத்த மலரில் வெளியிடுவதாகச் செயற்குழு இசைந்திருக்கின்றது. சீன எழுத்தில் பெயர்ப்பலகை உள்ள பழைய ரசீது ஏதேனும் பெட்டியடியில் கிடந்தால் அதனை எறிந்துவிடவேண்டா.

சீனப் புத்தாண்டன்று டிரெட்டி பஜாரில் சிங்க நடனம் நடைபெறும். எள் பணியாரம் தந்த அம்மையார் சிறுவனை அதற்கு அழைத்திருக்கின்றார்; தன் ஊர் எது என்பதை அதற்குள் முடிவு செய்துகொண்டு வருமாறும் கூறினாராம். பெரியவரும் வருகின்றார், பெண்டிங்க் தெரு வழியாக நடந்தே செல்லவேண்டும் என்கின்றார். உடன்வர விரும்புவோர் இவ்விழா முடிந்ததும் வாயிலருகே உள்ள மேசையில் பெயர் கொடுக்கலாம். பஸ்ஸில் இருபது இடங்கள் இன்னும் உள்ளன.